செட்டிநாட்டுக்குக் குடிவருகிறீர்களா? முதல் வருடத்து வீட்டுச் செலவுக்கு ஒரு வழிகாட்டி

2022 கடைசியில் வேலை மாற்றலாகி காரைக்குடிக்கு வந்தோம். வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், யாரையும் தெரியாத ஊர். முதல் ஆறு மாதம் சம்பளம் எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சிதான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர். அன்றன்றைய செலவைச் சிட்டையில் எழுதாமல் படுக்கப் போகமாட்டார். நான் எதை வாங்கி வந்து காட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “கிலோ என்ன வெல விழுகுது?”

பொட்டலம் என்ன விலை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கிலோவுக்கு என்ன, லிட்டருக்கு என்ன, யூனிட்டுக்கு என்ன, அவ்வளவுதான். இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லப்போவதும் அந்தக் கேள்வியை எங்கெங்கே கேட்க வேண்டும் என்பதைத்தான்.

வீடு பார்க்கும்போதே தொடங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் வாடகைக்கு இரண்டு விதமான வீடு கிடைக்கும். ஒன்று, பழைய வீட்டின் ஒரு பகுதி. இன்னொன்று, புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டின் மாடி. மாடி வாடகை சில நூறு ரூபாய் குறைவாக இருக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் மேலே ஓடோ மர நிழலோ இல்லாத தளம் இரவு பத்து மணிக்கும் சூடு இறங்காது. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளில் சுவர் தடிமன், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் முற்றம். மதியம் மூன்று மணிக்குப் பட்டாலை என்கிற கூடத்தில் மின்விசிறி மட்டும் போதும். வீடு பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். மதியம் போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது மீட்டர். “எங்களுக்கெனத் தனி ஈ.பி. இணைப்பு உண்டா, இல்லை உள் மீட்டரா?” என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். உள் மீட்டர் என்றால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலையாக வாங்குவார். தனி இணைப்பு என்றால், நாங்கள் வந்தபோது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அப்போதைய கட்டணத்தில் 200 யூனிட்டுக்கு மின் வாரியத்தில் 225 ரூபாய்தான். அதே 200 யூனிட்டை எட்டு ரூபாய் உள் மீட்டரில் ஓட்டினால் 1,600. வாடகையில் 500 ரூபாய் குறைத்துப் பேசி வந்த மகிழ்ச்சியெல்லாம் இந்த ஒரு வரியில் போய்விடும்.

குடி போகிற அன்றே மீட்டரில் உள்ள எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஒரு சிட்டை போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். கைபேசிச் செயலிகளை நானும் முயன்றேன், ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆச்சியின் சிட்டையில் ஒரு பக்கம் அன்றாடச் செலவு. கடைசிப் பக்கங்களில் மட்டும் விலை: துவரம்பருப்பு, உளுந்து, கடலையெண்ணெய், அரிசி, புளி, சோப்பு என்று பத்துப் பதினைந்து பொருள், எந்தத் தேதியில் எந்தக் கடையில் கிலோ என்ன விலை என்று. நீங்கள் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டுமாவது எழுதுங்கள். மூன்று மாதத்தில் எந்தக் கடையில் எது மலிவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மலிவான ஒரே கடை என்று எதுவும் கிடையாது. பருப்புக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று என்று இரண்டு கடையில் பற்று வைக்காமல் ரொக்கமாக வாங்குவதுதான் எங்களுக்கு ஒத்து வந்தது.

பொட்டலங்களில் இப்போது அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலேயே அலகு விலையும் அச்சிடுகிறார்கள். எழுத்துச் சின்னதாக இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள். குறிப்பாக எண்ணெய். ஒரு லிட்டர் கடலையெண்ணெய் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும். பார்வைக்கு லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும் சிலவற்றில் 850 கிராம், 800 கிராம் என்று போட்டிருக்கும். பத்து ரூபாய் குறைவு என்று எடுத்தால் உண்மையில் கூடுதல் விலை கொடுத்திருப்போம்.

அரிசி

இங்கே வந்தவர்களுக்குப் பெரிய அனுகூலம் புதுவயல். காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஊர் முழுக்க அரிசி ஆலைகள். ஆலையிலேயே சில்லறையாக மூட்டை கொடுக்கிறவர்களும் உண்டு, அந்த அரிசியை வாங்கி விற்கும் கடைகள் காரைக்குடியிலும் உண்டு.

மூட்டை வாங்கும்போது எடையைப் பாருங்கள். 25 கிலோ மூட்டையும் இருக்கும், 26 கிலோ மூட்டையும் இருக்கும். காரணம் வரி. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை முத்திரையிட்டுப் பொதிந்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைத் தாண்டிய மூட்டைக்கு இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை வந்தது. உதாரணத்துக்கு, 25 கிலோ 1,400 ரூபாய், 26 கிலோ 1,430 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது முப்பது ரூபாய் மலிவு மாதிரித் தெரியும். வகுத்துப் பாருங்கள்: கிலோ 56, மற்றது 55.

ஆனால் முதல் தடவையே மூட்டையாக எடுக்காதீர்கள். இரண்டு கிலோ வாங்கி வடித்துப் பாருங்கள். புது அரிசி குழையும், சோறு காணாது. ஆறு மாதம் கடந்த பழைய அரிசி கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூட இருந்தாலும் பொங்கினால் நிறையக் காணும். எங்கள் வீட்டில் நாலு பேருக்குப் புது அரிசியில் மூன்றரை ஆழாக்கு போட்ட இடத்தில் பழைய அரிசியில் மூன்று போதும். கிலோ விலையைப் பார்த்தாயிற்று என்று நின்றுவிடாமல் ஒரு வேளைச் சோற்றுக்கு என்ன விலை என்றும் பார்க்கச் சொன்னது ஆச்சிதான்.

இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு என்றால் பக்கத்து வீட்டோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வண்டு விழுந்து கொட்டுகிற அரிசியில் மிச்சம் பிடித்த பணமும் போய்விடும்.

சந்தை

இந்தப் பக்கம் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாரச்சந்தை உண்டு. உங்கள் ஊர்ச் சந்தை என்ன கிழமை என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்குச் சின்ன வெங்காயம், பூண்டு, உருளை, பூசணி, சேனை மாதிரித் தாங்குகிற சாமான்களை ஒரு வாரத்துக்கு வாங்கிவிடுங்கள். இவற்றைச் சந்தை கலைகிற நேரத்தில், மாலை மங்கும்போது வாங்கினால் விலை இறங்கியிருக்கும். கீரையும் தக்காளியும் அப்படியல்ல, காலையிலேயே எடுத்துவிட வேண்டும். மாலையில் நிற்பது கழித்துப் போட்டதாக இருக்கும்.

சந்தையில் பலரும் கூறு கட்டித்தான் வைத்திருப்பார்கள். கூறு இருபது, முப்பது என்று. எடைபோட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு முதலில் குழப்பமாக இருக்கும். ஒரு தடவை கூறாக வாங்கி வந்ததை வீட்டில் நிறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கண்ணே தராசாகிவிடும். கூறுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கிப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

மற்ற நாளுக்கு உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம், விவசாயிகளே நேராக விற்பது. அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். அங்கே வாங்காத நாளிலும் அந்தப் பலகை விலை தெரிந்தால் தெருவில் வரும் வண்டியில் என்ன கொடுக்கலாம் என்று தெரியும்.

மிளகாயும் புளியும்: வருடத்துக்கு ஒரு முறை

மாசி பிறந்தால் ராமநாதபுரம் பக்கத்து மிளகாய் வரத் தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரைதான் வாங்குகிற காலம். புதுப் புளியும் இதே சமயத்தில் வரும். செட்டிநாட்டுச் சமையலுக்கு வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள் இல்லாமல் ருசி நிற்காது என்பது ஒரு பக்கம். கடையில் 100 கிராம், 200 கிராம் பொட்டலமாக வருடம் முழுக்க வாங்குவதைவிட இது கணிசமாகக் குறைவு என்பது இன்னொரு பக்கம்.

முதல் வருடம் நானே போய் மூன்று கிலோ வாங்கி வந்தேன். நல்ல சிவப்பு, பளபளப்பு. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து ஒரு கை அள்ளினார். ஒன்றை எடுத்துக் காதுப் பக்கம் வைத்து ஆட்டினார். பிறகு நடுவில் மடித்தார். உடையவில்லை, தோல் மாதிரி வளைந்தது. “வெத ஆடலயே ஆத்தா. தண்ணிக்குக் காசு குடுத்துட்டு வந்திருக்கே” என்றார். மூன்று நாள் மொட்டை மாடியில் காயவைத்து, காம்பு கிள்ளி நிறுத்தபோது இரண்டே முக்கால் கிலோகூட வரவில்லை. கிலோவுக்கு நான் கொடுத்ததாக நினைத்த விலை வேறு, உண்மையில் விழுந்த விலை வேறு.

ஆகவே ஆட்டிப் பாருங்கள், விதை சலசலக்க வேண்டும். மடித்துப் பாருங்கள், முறிய வேண்டும். காம்போடு விலையா, காம்பு கிள்ளியதா என்று கேளுங்கள். மாவு மில்லுக்குப் போகும்போது உங்களுக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று பார்த்து, மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால் நில்லுங்கள். அரிசி மாவுக்குப் பின்னால் அரைத்தால் அந்த மாவும் உங்கள் தூளில் சேரும், உங்கள் தூள் கொஞ்சம் இயந்திரத்தில் தங்கும். மல்லி, மஞ்சள் எல்லாம் அன்றைக்கே முடித்துவிடுங்கள். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ மட்டும் மொத்தமாக வாங்கவேண்டாம். ஐம்பது கிராம் ஐந்து மாதம் வரும், வாசம் போனால் வீண்.

புளியில் கொட்டையோடு வாங்கினால் மலிவு என்பார்கள். எப்போதும் அப்படியில்லை. ஒரு கிலோ வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து நிறுத்தேன், 620 கிராம் சதை நின்றது. கொட்டையோடு கிலோ 120 என்றால், சதைக்குக் கிலோ 193 ரூபாய்க்கு மேல் விழுகிறது. கொட்டை எடுத்தது 180-க்குக் கிடைத்தது. எடுக்கிற வேலையும் மிச்சம். அந்த வருடம் கொட்டை எடுத்ததையே வாங்கினேன். மறு வருடம் கணக்கு மாறலாம், திரும்ப நிறுத்துப் பாருங்கள்.

மின் கட்டணம்: 500-ஐத் தாண்டாதீர்கள்

இதில்தான் நான் மிகவும் பட்டேன். 2023 கோடையில் எங்கள் கணக்கு 508 யூனிட் வந்தது. கட்டணம் 2,014 ரூபாய். 500-ல் நின்றிருந்தால் 1,725. எட்டு யூனிட்டுக்கு 289 ரூபாய் எப்படி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101-லிருந்து 200 வரை உள்ள யூனிட்டுகளுக்கு விலை குறைவு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் அது 2 ரூபாய் 25 காசு. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகைப் படி போய்விடும், அந்த நூறுக்கும் 4 ரூபாய் 50 காசு. அங்கேயே 225 ரூபாய். மீதி எட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் 64. அதற்குப் பிறகு விலைகள் ஏறியிருக்கின்றன, வாரியத்தின் தளத்தில் இன்றைய அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது எந்த எண்ணில் படி மாறுகிறது என்பதை.

செய்ய வேண்டியது எளிது. கணக்கு எடுக்க வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் பிடித்துச் செலவழிக்க வேண்டும். ஐம்பதாவது நாள் மறுபடி பாருங்கள். கணக்கெடுப்பு அறுபது நாளைத் தாண்டிப் போவதுபோல் தெரிந்தால் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால்கூடப் படி மாறிவிடும்.

எங்கே குறைப்பது? எங்கள் வீட்டில் மின்விசிறிகள்தான் காரணம். பழைய விசிறி 75 வாட். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். பிஎல்டிசி எனும் புது வகை விசிறி 30 வாட் அளவில் ஓடும், 27 யூனிட். ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். மூன்றையும் ஒரேயடியாக மாற்றப் பணமில்லை. அதிகம் ஓடும் விசிறியை முதலில் மாற்றினோம், மற்ற இரண்டை அடுத்தடுத்த ஆடித் தள்ளுபடியில். அப்புறம் தண்ணீர் மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 45 யூனிட். தொட்டி நிரம்பி வழிய விடாமல் இருந்தாலே அதில் கொஞ்சம் குறையும். வாடகை வீட்டில் கழிப்பறைத் தொட்டி கசிகிறதா என்று வந்த முதல் வாரமே பாருங்கள். தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கீழே மஞ்சள் தெரிந்தால் கசிகிறது.

கேஸ், ரேஷன்

சிலிண்டரில் நிகர எடை 14.2 கிலோ. காலி எடை சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் வரவேண்டிய எடை. கொண்டு வருகிறவரிடம் நிறுத்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை, முகம் பார்த்துக் கூச்சப்படவேண்டாம். ரசீதில் உள்ள தொகையில் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலியும் சேர்ந்தே இருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே ஏ, பி, சி, டி எழுத்தில் ஒன்றும் வருடமும் போட்டிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். சோதனை செய்ய வேண்டிய காலக்கெடு அது. தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ரேஷன் அட்டையின் முகவரியை வந்த மாதமே மாற்றுங்கள். இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வேறெங்கும் கிடையாது. நம்மைப் போன்றவர்களுக்கு எதற்கு என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அட்டைக்கு உரியதை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

ரிப்பேர் ஆட்கள்

வாஷிங் மெஷின் நின்றுபோனபோது வந்த ஒருவர் போர்டு போய்விட்டது என்று சொல்லி 4,200 ரூபாய் வாங்கினார். பழைய போர்டை அவரே எடுத்துப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் அதே கோளாறு. வேறு ஒருவர் வந்து பார்த்து, கதவுப் பூட்டுதான் பழுது என்று 600 ரூபாயில் முடித்தார்.

அதிலிருந்து மூன்றைக் கடைப்பிடிக்கிறேன். வந்து பார்க்க என்ன, கூலி என்ன, சாமான் யார் வாங்குவது என்று வேலை தொடங்கும் முன் பேசுவது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் என்றால் இன்னொருவரிடமும் கேட்பது. குழாய், சுவிட்ச் மாதிரிச் சின்னச் சாமான்களை நீங்களே கடையில் வாங்கிக் கொடுங்கள். நல்ல ஆளை வளவு வீடுகளில், அதாவது முற்றம் வைத்த பழைய வீடுகளில், நெடுநாள் இருப்பவர்களிடம் கேளுங்கள். பழைய வீட்டைப் பராமரிப்பவர்களுக்கு எல்லாக் கைவினைஞர்களையும் தெரியும்.

வீட்டுக்கு மரச்சாமான் வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அனுப்புவார்கள். பழம்பொருள் கடைகள் நிறைந்த தெரு, பார்க்கவே அருமையாக இருக்கும். சிக்கனத்துக்கு மட்டும் அது இடமில்லை. வெளியூர்க்காரர்களுக்கு விலை சொல்லிப் பழகிய கடைகள். வேலைப்பாடில்லாத பெஞ்சு, அலமாரி கிடைத்தால் மட்டும் பேசுங்கள். அழகான எனாமல் பாத்திரம் பூச்சு உதிர்ந்திருந்தால் சமையலுக்கு வேண்டாம்.

இன்னும் சில

மாதாந்திர மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) மருத்துவரிடம் எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றா என்று மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாமியாரின் சர்க்கரை மாத்திரைச் செலவு பாதிக்கும் கீழே வந்தது.

இனிப்புக் கடையில் பெட்டியோடு எடை போட்டால், “பெட்டியைக் கழிச்சுப் போடுங்கண்ணே” என்று சொல்லுங்கள், போடுவார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பேசியும் தீராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது என்பதும் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தில் விடுப்பு நாளைக் கழிக்காதீர்கள். தலையில் கூடை வைத்து வருகிற கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசாதீர்கள். எங்கள் தெருவுக்குக் காலை ஆறரைக்கு வந்துவிடுவார். அவரிடம் சில்லறை இருக்காது, பத்து ரூபாய் நாணயம் நாலைந்து வாசல் மாடத்தில் எடுத்து வைத்திருங்கள்.